கட்டத்துக்குள் ரைட்டு போடும் முன்

போன மழைக்காலத்தில் இலவம்பாடிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் படிவத்தோடு வந்தார். முள்ளுக் கத்தரிக்காய் போடுகிறவர். வீட்டிலேயே பேரனை உட்கார வைத்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். நான் ஒரு பார்வை பார்த்து 'சரி' என்றால் போதும், உள்ளே போய்க் கொடுத்துவிடுவார். பார்த்தேன். பெயர் சரி, ஊர் சரி, சர்வே எண் சரி. மேலே வலது மூலையில் தனியாக ஒரு சின்னக் கட்டம். அதற்குள் நட்டநடுவில் ஒரு பிள்ளையார் சுழி.

"இது இன்னா தாத்தா?" என்றேன்.

"காலியா கீதேன்னு சாமிய உக்கார வச்சேம்மா."

அது அலுவலகத்தில் பதிவு எண் போடுகிற கட்டம். நல்லவேளை, அதே படிவம் என்னிடம் வெற்றாக ஒன்று இருந்தது. மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

கட்டம் காலியாக இருந்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது போட்டாக வேண்டும். இன்னும் சிலர் இதற்கு நேர்மாறு. பேனாவைத் தொடவே பயந்து எல்லாக் கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு, கடைசியில் கையெழுத்தை மட்டும் போட்டு, "மிச்சத்த நீங்களே போட்டுக்கோங்க சார்" என்று கவுன்டரில் நீட்டிவிடுவார்கள். இரண்டுமே வினை. இரண்டாவதுதான் பெரிய வினை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தருகிறவள். கோந்து பாட்டில், ஸ்டாம்ப் பேடு, நூல் கட்டிய நாலு பேனா, இதுதான் முதலீடு. எனக்கு முன்னால் என் நைனா டைப்ரைட்டரோடு இதே தொழில் பார்த்தார். அவர் காலத்துப் படிவங்களில் கட்டமே குறைவு. கோடு போட்டு விட்டிருப்பார்கள், நாம் எழுத வேண்டும். இப்போது எழுதுவது குறைந்து கட்டம் பெருகிவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்கு இது சுலபம் என்று நினைப்பீர்கள். இல்லை. கோட்டில் தப்பாக எழுதினால் படிக்கிற குமாஸ்தாவுக்கு நாம் சொல்லவந்தது ஓரளவு புரிந்துவிடும். கட்டத்தில் தப்பாகப் போட்ட ரைட்டு, தப்பு என்றே தெரியாமல் கணினிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே நான் முதலில் சொல்லித் தருவது கட்டத்தைப் பற்றியே அல்ல. கட்டத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை முதலில் படியுங்கள். அந்த வரியில் என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'குறியிடுக' என்கிறதா, 'அடிக்கவும்' என்கிறதா, 'எழுதுக' என்கிறதா? மூன்றும் மூன்று வேலை.

இதில் 'அடி' என்கிற சொல் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. டிக் அடி என்றால் வேண்டியதைக் காட்டு என்று அர்த்தம். வெறுமனே அடி என்றால் வேண்டாததைக் கோடு போட்டு நீக்கு என்று அர்த்தம். ஒரே சொல், எதிரெதிர் வேலை. 'தந்தை / கணவர் / பாதுகாவலர்' என்று சாய்கோடு போட்டு வரிசையாக அச்சிட்டு, 'பொருந்தாதவற்றை அடிக்கவும்' என்று கீழே போட்டிருப்பார்கள். அங்கே கட்டம் இருக்காது. கட்டம் இல்லை, சாய்கோடு இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது நீக்கச் சொல்கிற இடம். கணவர் பெயர் கொடுக்கிறீர்கள் என்றால் தந்தை மேலும் பாதுகாவலர் மேலும் ஒரு கோடு. கணவர் அப்படியே நிற்க வேண்டும். நிறையப் பேர் கணவர் என்பதற்கு அடியில் கோடு போடுவார்கள். அடிக்கோடு போடும்போது கை கொஞ்சம் மேலே ஏறினால் கோடு எழுத்துக்குள் புகுந்துவிடும், அப்புறம் கணவரையே நீக்கியதுபோல் ஆகிவிடும். வருமான வரி 'செலுத்துகிறேன் / செலுத்தவில்லை' என்று வருகிற உறுதிமொழியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்கோடு போடுகிற பழக்கத்தைப் படிவத்தில் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகை, கட்டம் இருக்கும், ஆனால் ரைட்டு போடக்கூடாது, எழுத வேண்டும். ரயில் முன்பதிவுப் படிவம் இதற்கு நல்ல உதாரணம். காட்பாடி ஜங்ஷனில் கவுன்டரில் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பாருங்கள். மேல்பகுதியில் 'நீங்கள் மருத்துவராக இருந்தால் டிக் செய்யவும்' என்று ஒரு கட்டம். ஓடுகிற ரயிலில் யாருக்காவது முடியாமல் போனால் கூப்பிடுவதற்காகக் கேட்கிறார்கள். அதையடுத்து, கட்டணம் இல்லாமல் மேல் வகுப்புக்கு மாற்றினால் சம்மதமா என்று இன்னொரு கட்டம். அதில் ரைட்டு கூடாது, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுத வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டம், இரண்டு விதமான வேலை. மூத்த குடிமக்கள் சலுகைக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். அந்தச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, கட்டம் மட்டும் பழைய படிவங்களில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

வேலூரில் ரயில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஒரு பெரியவர் அந்த மருத்துவர் கட்டத்தில் பெரிதாக ரைட்டு போட்டிருந்தார். கேட்டதற்கு, "டாக்டர பாத்துட்டுத்தானேம்மா ஊருக்குப் போறேன்" என்றார். நடுராத்திரி ஜோலார்பேட்டை தாண்டி அவரை எழுப்பி ஒரு நோயாளியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ரைட்டும் இன்டும்

எங்கள் பக்கம் ✓ குறியை ரைட்டு என்போம், × குறியை இன்டு என்போம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சிவப்பு மையில் போட்ட நாளிலிருந்து ரைட்டு என்றால் சரி, இன்டு என்றால் தப்பு என்று மண்டையில் ஏறிவிட்டது. நம் ஊர்ப் படிவங்களில் இதனால் தொந்தரவு இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற படிவங்களில்தான் சிக்கல். அங்கே பல இடங்களில் பொருந்துகிற கட்டத்தில் × போடச் சொல்வார்கள். அவர்களுக்கு அது வெறும் அடையாளம், சரி தப்பு எதுவும் இல்லை.

பேர்ணாம்பட்டுப் பையன் ஒருவன் வளைகுடா வேலைக்கு மருத்துவப் படிவம் நிரப்பி எடுத்துவந்தான். முப்பது வியாதி வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். காசநோய், வலிப்பு, சர்க்கரை, மஞ்சள் காமாலை. தம்பி எல்லாவற்றுக்கும் பளிச்சென்று இன்டு போட்டிருந்தான். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறான். மேலே உள்ள வரியோ, உங்களுக்கு இருக்கிற நோய்க்கு எதிரே × போடவும் என்கிறது. அதன்படி பார்த்தால் முப்பது வியாதியும் ஒரே உடம்பில். அந்தப் படிவத்தை அனுப்பியிருந்தால் வேலை போயிருக்கும். எந்தக் குறி என்று மேலே எழுதியிருந்தால் அதையே போடுங்கள். எழுதவில்லை என்றால் ரைட்டு போடுங்கள். 'இல்லை' என்று சொல்வதற்கு × போடாதீர்கள். 'இல்லை' என்று தனிக் கட்டம் இருந்தால் அதில் ரைட்டு. தனிக் கட்டம் இல்லாவிட்டால் காலியாக விடுவதுதான் 'இல்லை'.

ரைட்டு போடுவதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. சிலர் கட்டத்துக்கு நடுவில் ஆரம்பித்து, வாலை நீட்டி நீட்டி அடுத்த வரி வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். 'ஆம்' கட்டத்தில் தொடங்கிய வால் 'இல்லை' கட்டத்துக்குள் முடிந்தால், உள்ளே உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பெண் எதை எடுத்துக்கொள்வாள்? நான் இப்படிப் போடுவேன்: கட்டத்தின் இடது சுவருக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பாதி உயரத்தில் பேனாவை வைத்து, கீழ்ச் சுவரைத் தொடாமல் ஒரு குட்டிக் கோடு இறக்கி, அங்கிருந்து வலது மேல் மூலையை நோக்கி ஏற்றி, மூலைக்கு முன்பே நிறுத்திவிடுவேன். நாலு சுவருக்குள் அடங்கிவிடும். ஒரே இழுப்பில் போட வேண்டும். மேலே மேலே ஓட்டிக் கனமாக்கினால் அடித்துத் திருத்தியதுபோல் தெரியும். பால்பாயின்ட் பேனா போதும். ஜெல் பேனாவில் போட்டு உடனே தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டி, நீங்கள் போடாத இடத்தில் ஒரு ரைட்டு முளைத்துவிடும். இது விளையாட்டுப் பேச்சில்லை, பார்த்திருக்கிறேன்.

எத்தனை கட்டம் நிரப்பலாம் என்பது அடுத்தது. 'பொருந்துவன அனைத்தும்' என்றால் எத்தனை வேண்டுமானாலும். 'ஏதேனும் ஒன்று' என்றால் ஒன்றே ஒன்று. வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8-ல் இதில்தான் இடறுவார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து அந்த ஒரே படிவத்தில் நாலு வேலை: வீடு மாறியது, பதிவில் திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் வேறு அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்வது. நாலுக்கும் கட்டம் இருக்கும், ஏதேனும் ஒன்றைத்தான் குறிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் "இன்னாத்துக்கு வம்பு, எல்லாத்துலயும் போட்டுடலாம்" என்பார்கள். பெயரில் எழுத்துப்பிழையும் இருக்கிறது, வீடும் மாறிவிட்டது என்றால் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைப் போடச் சொல்வேன்.

மாவட்டம் கேட்கிற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம்காரர்கள் பழக்க தோஷத்தில் இன்றைக்கும் வேலூருக்கு எதிரே ரைட்டு போடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும்தான். 2019-ல் பிரித்தாகிவிட்டது. முதல் மூன்றும் ராணிப்பேட்டை, பின் இரண்டும் திருப்பத்தூர். நைனா கடைசி வரைக்கும் வட ஆற்காடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம்.

காலியாக விட்டாலும் பதில்தான்

இதுதான் என் தொழிலில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. காலிக் கட்டம் சும்மா இருப்பதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் படிவமே உங்களுக்காக ஒன்றைச் சொல்லிக்கொள்ளும்.

அந்த ரயில் படிவத்தையே பாருங்கள். மேல் வகுப்புக்கு மாற்றச் சம்மதமா என்பதற்கு ஒன்றும் எழுதாமல் விட்டால், முழுக் கட்டணம் கொடுத்த பயணியைத் தானாகவே மாற்றலாம் என்று அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். நல்லதுதானே என்று தோன்றும். முழங்கால் முடியாத அம்மாவுக்கு அலைந்து திரிந்து கீழ்ப் படுக்கை வாங்கியிருக்கிறீர்கள், மாற்றின இடத்தில் மேல் படுக்கை வந்தால்? அப்படிப்பட்டவர்கள் 'இல்லை' என்று எழுதிவிடுவது நிம்மதி.

பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயர், தாய் பெயர் இரண்டில் எதை அட்டையில் அச்சிட வேண்டும் என்று கட்டம் வைத்திருப்பார்கள். இரண்டிலும் குறிக்காமல் விட்டால் தந்தை பெயர்தான் அச்சாகும். தாயே தனியாக வளர்த்த பிள்ளைகளுக்கு, தாய் பெயரை மட்டும் கொடுத்தே விண்ணப்பிக்க வழி இருந்தது, அதற்கும் ஆம், இல்லை என்று ஒரு கட்டம். குடியாத்தத்திலிருந்து பீடி சுற்றுகிற ஒரு அம்மா மகளோடு வந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போய் பதினாறு வருடம். வேறு எங்கேயோ நிரப்பின படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டு, அப்பன் பெயரோடு அட்டை வந்துவிட்டது. மகள் அந்த அட்டையை மேசை மேல் கவிழ்த்துப் போட்டாள். ஒன்றும் பேசவில்லை.

அதைத் திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு, அது இன்னும் விசித்திரம். ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். எந்த விவரத்தை மாற்ற வேண்டுமோ அந்த வரியின் கட்டத்தில் மட்டும் ரைட்டு. மற்ற வரிகளிலும் விவரம் எழுத வேண்டும், ஆனால் ரைட்டு கூடாது. அட்டை தொலைந்துபோய், எந்த மாற்றமும் இல்லாமல் அதே அட்டை மறுபடி வேண்டுமென்றால் எல்லா வரியையும் நிரப்பிவிட்டு ஒரு கட்டத்தைக்கூடத் தொடக்கூடாது. 'எழுதினேன், அதனால் டிக் போட்டேன்' என்று எல்லாவற்றிலும் போட்டால் அத்தனையையும் மாற்றச் சொல்வதாக அர்த்தம், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். படிவ எண்ணும் வடிவமும் அவ்வப்போது மாறும். இந்த முறை மட்டும் நிறையப் படிவங்களில் வருகிறது, இடது ஓரக் கட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

தெரிந்தே காலியாக விடுகிறவர்களும் உண்டு. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவரைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடப் படிவத்திலேயே சாதி, மதம் கேட்ட இடங்களை வெறுமையாக விட்டார்கள். அவரும் வளர்ந்து அப்படியே விட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் 2019 பிப்ரவரியில், திருப்பத்தூர் இன்னும் எங்கள் வேலூர் மாவட்டத்தில் இருந்தபோது, சாதி மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். அந்தச் செய்தி வந்த வாரம் என் மேசைக்கு வந்த ரெண்டு மூன்று பேர், "அந்தக் கட்டத்த உட்டுடலாமாமே?" என்று கேட்டார்கள். விடலாம். உதவித்தொகையோ இட ஒதுக்கீடோ கேட்கிற படிவமாக இருந்தால், விடுவதற்கு முன் அது என்ன விலை என்று கணக்குப் பார்த்துவிட்டு விடுங்கள். சினேகா தெரிந்து விட்டார்.

வங்கிப் படிவம்

மேலே ஒரு வினையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேனே, இதுதான்.

என் சித்தி கணியம்பாடியில் இருக்கிறாள். கணக்குத் தொடங்கினபோது கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள். இரண்டு வருடம் கழித்துப் பாஸ்புக்கை என்னிடம் கொடுத்து, "மே மாசம் ஆனா 456 ரூபா எங்கடி போவுது?" என்றாள். பார்த்தால் 436 ரூபாய் ஒரு வரி, 20 ரூபாய் ஒரு வரி. முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, இரண்டாவது சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. இரண்டுக்கும் வருடா வருடம் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கட்டம். அவள் காலியாக விட்ட அந்தக் கட்டத்தில் யாரோ ரைட்டு போட்டிருக்கிறார்கள். கீழே அவள் கையெழுத்து. யாரைக் கேட்பது?

திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் ரூபாய்க் காப்பீடு, அந்தப் பணத்துக்கு நல்ல ஏற்பாடுதான். எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்கு. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அப்படி ஒரு காப்பீடு இருக்கிறது என்றே எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. பணம் கட்டியும் கேட்க ஆள் இருந்திருக்காது. கடைசியில் சித்தி இரண்டையும் வைத்துக்கொண்டாள், வாரிசாக மகன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வேண்டாம் என்றால் கிளைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம்.

அதே படிவத்தில் கூட்டுக் கணக்குக்கு இன்னொரு கட்ட வரிசை வரும். கணக்கை யார் இயக்குவது? 'இருவரும் சேர்ந்து' என்று ஒன்று, 'இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்' என்று ஒன்று. ஒடுகத்தூர்ப் பக்கத்துத் தம்பதி முதல் கட்டத்தில் ரைட்டு போட்டிருந்தார்கள். இரண்டாவது கட்டத்தில் 'உயிரோடிருப்பவர்' என்று வருகிறதே, அபசகுனம். அதோடு அந்த அம்மா சொன்னார்: "சேந்துதானேம்மா கீறோம், அதான் அதுல போட்டோம்." அவருக்கு எழுபது, இவருக்கு அறுபத்தைந்து இருக்கும். எனக்கு அந்தப் பதிலை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. அவர்கள் என்னிடம் வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. தாத்தா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், வலது கை அசையவில்லை. சேர்ந்து என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். வைத்தியத்துக்கு வேண்டிய பணம் அவர்களுடைய கணக்கிலேயே இருந்தது, அந்த அம்மாவால் எடுக்க முடியவில்லை. விண்ணப்பம், மருத்துவரின் சான்று, கைரேகை என்று நாலு நாள் அலைந்தோம்.

புருஷன் பெண்டாட்டி கணக்கு என்றால், சண்டை சச்சரவு இல்லை என்றால், இரண்டாவது கட்டத்தில் போடுங்கள். சொல் கசக்கும், போடுங்கள்.

வங்கிப் படிவத்தில் கையெழுத்துக்கு முன்னால் எல்லாக் கட்டத்தையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வேண்டாத கட்டம் காலியாக இருந்தால் அதற்குள் ஒரு சின்னக் கிடைக்கோடு போடுவேன், அல்லது பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதுவேன். அப்புறம் யாரும் அதில் ரைட்டு போட முடியாது. கவுன்டரில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கையெழுத்து எப்போதும் கடைசி. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் ஸ்டாம்ப் பேடைத் திறப்பேன். ஐந்து நிமிடம் அதிகம் ஆகும்.

வட்டம் என்றால்

போனில், கம்ப்யூட்டரில் நிரப்புகிறவர்களுக்கு வடிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும். சதுரக் கட்டம் என்றால் பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம், மறுபடி தொட்டால் டிக் போய்விடும். வட்டம் என்றால் ஒன்றுதான், இன்னொன்றைத் தொட்டால் முதலில் தொட்டது அணைந்துவிடும். பழைய காரில் ரேடியோ வைத்திருப்பார்கள், ஒரு பொத்தானை அமுக்கினால் ஏற்கெனவே அமுங்கி இருந்தது துள்ளிக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் இந்த வட்டத்துக்கு ரேடியோ பட்டன் என்றே பெயர்.

நீங்கள் தொடாமலே டிக் விழுந்திருக்கிற கட்டங்களைத் தேடுங்கள். பெரும்பாலும் பணம் கட்டுகிற பொத்தானுக்குச் சற்று மேலே இருக்கும்: நன்கொடை, காப்பீடு, விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரித் தந்திரங்களில் 13 வகையைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. நாம் கேட்காததைக் கூடையில் தள்ளிவிடுவதும் அதில் ஒன்று. தடுத்திருக்கிறார்களே என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், டிக்கை எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தேர்வு எழுதுகிற பிள்ளைகளின் விடைத்தாள் வட்டம் வேறு. அங்கே ரைட்டும் இல்லை, இன்டும் இல்லை. முழு வட்டத்தையும் கருமையாக்க வேண்டும். பாதி நிரப்பினாலோ புள்ளி வைத்தாலோ இயந்திரம் பார்க்காமல் போகலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வில் விடை தெரியாவிட்டாலும் சும்மா விடக்கூடாது. 'விடை தெரியவில்லை' என்பதற்கே ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், அதை நிரப்ப வேண்டும். ஒரு கேள்விக்கு எதையுமே நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். ஏன் என்று என் மகன் கேட்டான். காலி வட்டத்தைப் பின்னால் வேறு யாராவது நிரப்பிவிட்டால்? சித்தியின் கதைதான்.

தப்பாகப் போட்டுவிட்டால்

வெள்ளை மை வேண்டாம். அதைப் பார்த்தாலே அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரும். இன்னொரு படிவம் கிடைக்குமென்றால் புதிதாக எழுதுவதே நல்லது. கிடைக்காதென்றால், தப்பான ரைட்டின் மேல் ஒரே ஒரு கோடு, சரியான கட்டத்தில் ரைட்டு, இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். கிறுக்கி அழிக்கக் கூடாது, முதலில் என்ன போட்டிருந்தீர்கள் என்பது தெரிய வேண்டும். விடைத்தாள் வட்டத்துக்கு இந்த வைத்தியம் இல்லை.

'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று போட்ட பகுதியில் எதுவும் எழுதாதீர்கள். தலைப்பு இல்லாத கட்டம் மேல் மூலையில் தனியாக இருந்தாலும் அது அவர்களுடையதுதான்.

கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் உட்பட. 'நீங்கதான் டிக் போட்டீங்க' என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். படம் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு எதிர்க்கடையில் இரண்டு ரூபாய்க்கு ஜெராக்ஸ்.

இன்னொன்று. திங்கட்கிழமை குறைதீர்வு நாள். கே.வி.குப்பம், அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு என்று எல்லாப் பக்கமும் பஸ் நிறைய வந்து இறங்குவார்கள், பதினோரு மணிக்கு என் பேனாவில் மூன்றாவது காணாமல் போயிருக்கும். மனு கொடுக்க அன்றைக்கு வாருங்கள். படிவம் நிரப்ப வேண்டுமென்றால் செவ்வாய், புதனில் மேசை போட்டிருக்கிற யாரிடமாவது உட்காருங்கள், பொடி எழுத்தைப் படிக்க நேரம் இருக்கும்.